கோதாவரிக்குப் போகப் பாலாற்றில் விழுந்த கதை

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர் இருந்தால் அதிகம். காலையில் பல் விளக்கிவிட்டுக் கிளம்பினால் அங்கே போய் நாஸ்தா சாப்பிடலாம். இதைப் போய் அயல்நாட்டுப் பயணம் மாதிரி எழுத உட்கார்ந்துவிட்டானே என்று நீங்கள் நினைப்பது நியாயம். ஆனால் நான் போனது படகோடு. பத்தடி நீளத்தில் மஞ்சள் நிறப் படகு ஒன்றைக் கூடவே இழுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், பக்கத்துத் தெருக்காரன்கூட உங்களிடம் எந்த ஊர் என்று விசாரிப்பான்.

போக வேண்டிய இடம் உண்மையில் மாமல்லபுரம் இல்லை, கோதாவரி. பத்ராசலத்தில் படகை இறக்கி, கடலைக் கண்ணால் பார்க்கும்வரை தனியாகத் துடுப்புப் போட வேண்டும் என்பது திட்டம். வயது ஐம்பத்து நான்கு. இடது தோள்பட்டை மழைக்கு முந்தைய நாளே மழை வரும் என்று சொல்லிவிடும். ஏன் இந்த ஆசை என்று டாக்டர் கேட்டபோது உடற்பயிற்சி என்றேன். அலுவலகத்தில் லீவு கேட்டபோது பத்ராசலத்தில் சாமி தரிசனம் என்றேன். நிஜக் காரணம் வேறு. முப்பது வருடமாக நான் எந்த வேலையையும் தனியாகச் செய்ததே கிடையாது.

கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் எனக்கு எழுத்து வேலை. ஒரு காரியத்தை எப்படிச் செய்வது என்று படிப்படியாக எழுதிக் கொடுக்க வேண்டும். வால்வைத் திற என்பது ஒரு படி. திறந்ததா என்று பார் என்பது அடுத்த படி. ஒவ்வொரு படிக்கும் எதிரே மூன்று கட்டங்கள் இருக்கும்: செய்தவர், சரிபார்த்தவர், அனுமதித்தவர். செய்தவரே சரிபார்க்கக் கூடாது. சரிபார்த்தவர் கையெழுத்துப் போடாதவரை அந்த வேலை நடக்கவே இல்லை என்று பொருள். இப்படியே முப்பது வருடம் எழுதினால் என்ன ஆகும்? வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு, யாராவது வந்து பார்க்கட்டும் என்று நிற்கிற ஆளாகிவிடுவோம்.

ஆகவே தனிப் பயணத்துக்கும் எழுதினேன். நாற்பத்தேழு படிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டங்கள். தனியாகப் போகிறவனுக்குச் சரிபார்த்தவர் யார் என்ற கேள்வி, அச்செடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்ட பிறகுதான் வந்தது.

அனுமதித்தவர் யார் என்பதில் சந்தேகமே இல்லை. என் மனைவி தேன்மொழி, வாகனக் காப்பீட்டில் இழப்பீட்டுப் பிரிவில் இருக்கிறாள். நொறுங்கிப்போன காரின் போட்டோவைப் பார்த்தபடியே தயிர்சாதம் சாப்பிடக்கூடியவள். கோதாவரி என்றதும் வேண்டாம் என்று சொல்லவில்லை. “ஃபார்ம் எங்க?” என்றாள். நாற்பத்தேழு படிகளையும் படித்தாள். பிறகு நிபந்தனை சொன்னாள். கோதாவரிக்கு முன்னால் நம் ஊர்ப்பக்கத் தண்ணீரில் மூன்று நாள். தரையில் யார் வேண்டுமானாலும் படகைத் தொடலாம், தண்ணீரில் ஒருவர் கையும் படக் கூடாது. எல்லாப் படிகளும் முடிந்து சாட்சிக் கையெழுத்தோடு வந்தால், அனுமதித்தவர் கட்டத்தில் அவள் கையெழுத்து. ஒரு படி விட்டுப்போனாலும் கோதாவரியை டிவியில் பார்த்துக்கொள்ளலாம்.

என்னைப் பற்றி எனக்குத் தெரியும். கஷ்டம் வந்தால் பக்கத்தில் இருப்பவரைக் கெஞ்சிவிடுவேன். அதனால் முப்பத்து மூன்றாம் படியை நானே மாற்றி எழுதினேன்: ‘படகுக்காரர் உதவி கேட்டாலும் உதவக் கூடாது.’ எழுதியபோது மிகவும் பெருமையாக இருந்தது.

முதல் நாள். படகைக் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். கீறல் விழாமல் இருக்கப் பழைய வெள்ளை வேட்டியைச் சுற்றிக் கயிற்றால் கட்டினேன். நானும் பின்னால் படகுக்குப் பக்கத்திலேயே, தலையில் துண்டோடு உட்கார்ந்துகொண்டேன். திருக்கழுக்குன்றம் டீக்கடை எதிரே வண்டி நின்றபோதுதான், கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றதைக் கவனித்தேன். ஒருவர் செருப்பைக் கழற்றினார். இன்னொருவர் டிரைவரிடம் மெல்லிய குரலில், எந்த ஊருக்கு எடுத்துகினு போறீங்க என்று கேட்டார். டிரைவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, கோதாவரிக்கு என்றார். அவ்வளவு தூரமா என்று அவர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்த இரக்கத்தை, திட்டத்தைக் கேட்ட சொந்தக்காரர் ஒருவர்கூடக் காட்டவில்லை. வேட்டிக்குள் இருப்பது படகு என்று சொல்லி அந்த இரக்கத்தைக் கலைக்க மனம் வராமல் கும்பிட்டுவிட்டுப் போனேன்.

மாமல்லபுரத்தில் வேறு மாதிரி ஆனது. அகலத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, மூக்கில் வெள்ளைக் களிம்பு என்று ஓட்டலுக்குள் போனேன். சர்வர் ஆங்கில மெனு கார்டை நீட்டினார். இட்லியும் வடகறியும் கேட்டேன். அவர் திரும்பிப்போய்க் கல்லாவில் இருந்தவரிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது: “வெள்ளைக்காரன் மாதிரி மூக்க வெச்சிகினு இன்னாமா தமிழ் பேசறான் பாரு.” வடகறி செங்கல்பட்டு வடகறியைவிடக் காரம் குறைவு. வெளிநாட்டுக்காரர்களுக்காகக் குறைத்தார்களா, எனக்காகக் குறைத்தார்களா என்று தெரியவில்லை.

படகை இறக்கியது பக்கிங்காம் கால்வாயில். கரையில் இளநீர் விற்றுக்கொண்டிருந்தவரைப் பிடித்து, முதல் ஐந்து படிகளையும் விளக்கினேன். லைஃப் ஜாக்கெட் போட்டேனா, துடுப்பில் விரிசல் உண்டா, தண்ணீர் பாட்டில் எத்தனை. அவர் பொறுமையாகக் கேட்டார். பேனாவை வாங்கினார். ஐந்தோடு நிற்காமல் நாற்பத்தேழு வரைக்கும் கடகடவென்று கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டார். நான் பதறிப்போய்க் கையைப் பிடித்தேன்.

“மொத்தமா போட்டுடறேன் சார். அப்பாலிக்கு யாராண்ட போய் நிப்ப?”

நடக்காத வேலைக்கு முன்கூட்டியே கையெழுத்து. எங்கள் அலுவலகத்தில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. பதினொன்று வரை போட்டிருந்ததை அடித்து, அடித்ததற்குப் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்து வாங்கி, தேதி போட்டு, புதிய தாளில் மறுபடி ஐந்துக்கு மட்டும் வாங்கினேன். இதற்குள் இரண்டு இளநீர் குடித்துவிட்டேன். படகு இன்னும் கரையில்தான் இருந்தது.

தண்ணீரில் இறங்கிப் பத்து நிமிடம் நன்றாகவே போனது. அதற்குள் எதிரே எருமைக் கூட்டம் ஒன்று அக்கரைக்கு நீந்த ஆரம்பித்தது. செங்கல்பட்டு ஆளுக்கு இது பழக்கம்தான், ரயில்வே கேட்டில் நிற்பதுபோல நின்றேன். கேட்டில் நிற்கும்போது ரயில் பாதியில் நின்று நம்மை முறைத்துப் பார்ப்பதில்லை, அதுதான் வித்தியாசம். கடைசி எருமை படகின் மூக்கை முகர்ந்துவிட்டுப் போனது. நிபந்தனையில் கை என்றுதான் இருந்தது, மூக்கு என்று இல்லை. குறிப்பு எழுதிக்கொண்டேன்.

மாலைக்குள் சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒதுங்கி, பத்தொன்பதாம் படியான கூடாரத்தை அடித்து, ஆடு மேய்த்தவரிடம் கையெழுத்து வாங்கி, கொசுக்களிடம் கூடாரத்தை ஒப்படைத்துவிட்டு லாட்ஜுக்குப் போனேன். கூடாரத்தில் தூங்க வேண்டும் என்று எந்தப் படியிலும் எழுதவில்லை. முப்பது வருட அனுபவம் சும்மாவா?

இரண்டாம் நாள் காலையில் முப்பத்தோராம் படியை முடித்துவிடலாம் என்று தோன்றியது. மொத்தத் திட்டத்திலும் எனக்குப் பயம் தந்த படி அதுதான்: தண்ணீர் நடுவில் படகைக் கவிழ்த்து, முப்பத்திரண்டாம் படியில் யார் உதவியும் இல்லாமல் ஏறி உட்கார வேண்டும். எங்கள் ஊர்க் கொளவாய் ஏரியில் நான்கு முறை முயன்று நான்கு முறையும் படகைத் தள்ளிக்கொண்டு கரைக்கே நடந்து வந்தவன் நான்.

கால்வாய் அகன்ற இடத்தில் ஒரு பெண் இறால் பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்தளவுக்குத் தண்ணீரில் உட்கார்ந்தபடி, சேற்றில் இரண்டு கையாலும் துழாவி, பிடித்ததை வாயில் கவ்வியிருந்த ஓலைக் கூடைக்குள் போட்டபடியே நகர்ந்தார். பெயர் அஞ்சலை என்று பிறகு சொன்னார். சாட்சியாக இருக்க முடியுமா என்று கேட்டேன். கூடையை விடாமல் தலையை மட்டும் ஆட்டினார்.

மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கவிழ்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கையைக் காலை உதைத்தேன். உதைக்கிற காலில் தரை இடித்தது. எழுந்து நின்றேன். தண்ணீர் என் தொடை வரைக்கும் இருந்தது. அஞ்சலை கூடையை வாயிலிருந்து எடுத்தார், சிரிப்பதற்காக.

“குந்திகினு வேலை செய்யற எடம் சார் இது. இதுல முழுவறதுன்னா நீ குனியணும்.”

கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். நடக்காததை நடந்ததா எழுதினா தப்பாச்சே என்றார். எங்கள் பிரிவில் அவரைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆழமான இடம் எது என்று கேட்டேன். பாலாத்து முகத்துவாரம் என்றார். அங்கே ஏழுமலை என்று ஒரு வலைக்காரர் இருப்பதையும் சொல்லி, போகும்போது மறக்காமல் நாலு இறால் வாங்கிக்கொள்ளச் சொன்னார். வாங்கினேன். லாட்ஜ் சமையல்காரர் அதை மிளகு போட்டு வறுத்துக் கொடுத்தார். வீட்டில் இதே இறால் பிரிட்ஜில் மூன்று நாள் இருந்துவிட்டுத்தான் தட்டுக்கு வரும், அதனால் ருசியை ஒப்பிடப் போவதில்லை.

அங்கிருந்து பாலாறு போகிற வழியில் என் அலுவலகம் இருக்கிறது. மஞ்சள் படகில், தொப்பியும் தொலைநோக்கியும் வரைபடமுமாக ஒருவன் அந்தப் பக்கம் தண்ணீரில் வந்தால் என்ன ஆகும் என்று விதிமுறை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஆகவே மறுபடியும் குட்டியானை. புதுப்பட்டினம் கடைவீதியில் மீன் வண்டிக்கும் ஐஸ் வண்டிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் நின்றோம். அந்த அரை மணி நேரத்தில்தான் ஸ்டாஃப் பஸ் பக்கத்தில் வந்து நிற்க வேண்டுமா? ஜன்னல் ஜன்னலாகத் தலைகள். பத்ராசலத்துக்கு இந்த வழியாவா போறீங்க என்று என் மேலதிகாரி அமைதியாகக் கேட்டார். பிரசாதம் கொண்டு வருவதாகச் சொன்னேன்.

மூன்றாம் நாள் பாலாற்று முகத்துவாரம். வருடத்தில் பாதி நாள் லாரியே போய்வரும் ஆறு அது. மழை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்ததால் அன்று அதில் ஆறு இருந்தது. மணல் திட்டைத் தாண்டி அலை உடைவது தெரிந்தது. ஏழுமலை ஃபைபர் படகில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். நான் சொன்ன எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தாளை வாங்கி ஒவ்வொரு படியாக விரல் வைத்துப் படித்தார். முப்பத்து மூன்றில் விரல் நின்றது.

“இது மெய்யாலுமா அண்ணாத்த? கூப்ட்டாலும் வரக்கூடாதா?”

கூப்பிட்டாலும் வரக் கூடாது என்றேன். கெஞ்சினாலும் வரக் கூடாது. என் மனைவி கையெழுத்துப் போடுவதே அதைப் பொறுத்துத்தான் என்று விளக்கினேன். மனைவி என்றதும் அவருக்கு விஷயத்தின் கனம் புரிந்துவிட்டது. முப்பத்து மூன்றைப் படித்ததற்கு ஒரு கையெழுத்துப் போட்டு, நான் சொன்னபடி நேரத்தைக் குறிக்க போனையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார். ஆறடி தள்ளி அவருடைய படகு. நடுவில் என்னுடைய மஞ்சள் படகு. கீழே, இந்த முறை நிஜமாகவே, தரை இல்லை.

கவிழ்ந்தேன். தண்ணீர் குளிர்ந்திருந்தது. படகை நிமிர்த்திவிட்டேன், அதுவரை சரி. மார்பைப் படகின் மேல் போட்டு இழுத்தேன். படகு என்மேல் ஏறியது. இரண்டாம் முறை மறுபக்கமாகப் போய் விழுந்தேன். மூன்றாம் முறை ஏழுமலை துடுப்பை நீட்டப் பார்த்ததைப் பார்த்து, வேண்டாம் என்று கம்பீரமாகக் கைகாட்டினேன். காட்டிய கையால்தான் படகைப் பிடித்திருந்தேன் என்பது அப்புறம் நினைவுக்கு வந்தது.

கடல் இறங்கும் நேரம் அது. ஆற்றுத் தண்ணீர் முழுவதும் வெளியே போய்க்கொண்டிருந்தது, கூடவே நானும். லைஃப் ஜாக்கெட்டின் கீழ்ப்பட்டையை இறுக்க மறந்திருக்கிறேன். ஜாக்கெட் மிதந்தது, நான் அதற்குள் வழுக்கி இறங்கினேன். மூக்குக்கு அருகில் ஜாக்கெட், ஜாக்கெட்டுக்கு மேலே தண்ணீர். அலை உடைகிற சத்தம் இப்போது முன்பைவிடப் பக்கத்தில் கேட்டது. தோள்பட்டை மரத்துப்போயிற்று. இது வரைக்கும் எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை.

வந்து தூக்குங்க என்றேன். ஏழுமலை தாளைப் பார்த்தார்.

“முப்பத்தி மூணுல வேணாம்னு போட்டுகீதே சார்.”

அதை அடித்துவிடுங்கள் என்றேன். எழுதினவர் அடித்துக் கையெழுத்துப் போடாமல் நான் எப்படி அடிப்பேன் என்றார். இளநீர்க்காரர் விஷயத்தில் நான் நடந்துகொண்ட விதத்தைக் காலையில்தான் அவரிடம் பெருமையாகச் சொல்லியிருந்தேன். தண்ணீரில் இருந்தபடியே அவரோடு வாதாடினேன். ஒவ்வொரு வாதத்துக்கும் ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போனது. கடைசியில், மேலிடத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். தாளின் மூலையில் இருந்த எண்ணுக்கு அவர் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“அம்மா, பாலாத்து முகத்துவாரத்துலேர்ந்து ஏழுமலை பேசறேன். சார் தண்ணில கீறாரு. தூக்கலாமான்னு கேக்கறாரு. நீங்கதான் ஓகே சொல்லணுமாம்.”

“பேசறாரா?”

“பேசிகினேதான் கீறாரு.”

“என்ன பேசறாரு?”

“முப்பத்தி மூணாம் நம்பர அடிக்கச் சொல்றாரு.”

“லைஃப் ஜாக்கெட் போட்டிருக்காரா?”

“போட்டுகீறாரு. மூக்கு வரைக்கும் ஏறிப்போச்சு.”

போனுக்குள் பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

“தூக்குங்க. அந்தப் பேப்பர் மட்டும் நனையாமப் பாத்துக்கங்க.”

ஏழுமலை ஒரே கையால் என் ஜாக்கெட்டின் பின்கழுத்தைப் பிடித்து, பெரிய கொடுவா மீனைத் தூக்கிப் போடுவதுபோல உள்ளே போட்டார். மறுகையில் பேப்பர் இருந்தது. உன்னை விட்டுடுவேனா சார், கை எட்டற தூரத்துலதான் வந்துகினு இருந்தேன் என்று பிறகு சொன்னார். அதை முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் கௌரவமாக மிதந்திருப்பேன்.

இரண்டு மணி நேரத்தில் தேன்மொழி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். நலம் விசாரிக்கவில்லை. என் கையைத் தொட்டுப் பார்த்தாள், ஈரத் துண்டை மாற்றிக் காய்ந்ததைப் போட்டாள், பிறகு பேப்பரைக் கேட்டாள். நான் அதைப் பார்க்கத் துணியாமல், ஏழுமலை வீட்டில் கொடுத்த மடவை மீன் குழம்பில் கவனமாக இருந்தேன். தண்ணீரில் ஒருவர் கை பட்டுவிட்டது. முப்பத்திரண்டு போயிற்று. கோதாவரி போயிற்று. குழம்பு மிக நன்றாக இருந்தது என்பதுதான் வருத்தத்தை அதிகமாக்கியது.

அவள் ஏழுமலை எழுதிய நேரக் குறிப்பைச் சத்தமாகப் படித்தாள்.

“10.42 சார் கவுந்தார். 10.43 ஏறினார், வழுக்கிக்கினார். 10.45 ஏறினார், அந்தாண்ட விழுந்தார். 10.46 துடுப்பு நீட்டினேன், வேணாம் என்றார். 10.47 என்னைப் பார்த்துச் சிரித்தார். 10.48 தண்ணி குடித்தார். 10.49 தண்ணி குடித்தார். 10.50 வந்து தூக்கு என்றார். 10.52 அம்மாவுக்கு போன்.”

இருபது வருடமாக அவள் படித்த எந்த விபத்து அறிக்கையும் இவ்வளவு சுத்தமாக இல்லை என்று ஏழுமலையிடம் சொன்னாள். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“எட்டு நிமிஷம். ஆறடில ஆளு இருக்காரு, வாயத் தொறந்து கூப்பிட எட்டு நிமிஷம்.”

நீ போட்ட நிபந்தனைதானே என்று முனகினேன்.

“ஆமா, தப்பாப் போட்டுட்டேன். படகுல ஏறத் தெரியுமான்னு கேட்டிருக்கக் கூடாது. கத்தத் தெரியுமான்னு கேட்டிருக்கணும்.” முப்பத்து மூன்றின் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டாள். “நாளைக்குக் காலைல மறுபடி விழறீங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள கரையில இருக்கறவன் காதுல விழற மாதிரி கூப்பிடணும். அது வந்தா கோதாவரி. இல்லன்னா படகை வித்துடலாம்.”

எளிது என்று நினைத்தேன். நான்காம் நாள் காலை, தண்ணீர் ஏறுகிற நேரமாகப் பார்த்து, ஜாக்கெட் பட்டையை அவளே இறுக்கிய பிறகு விழுந்தேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. கரையில் வலை காயவைக்கிற நாலு பேர், மீன் எடுக்க வந்த பெண்கள், இத்தனை பேர் முன்னால் ஒரு அரசு ஊழியன் எப்படிக் கத்துவான்? “ஏழுமலை, முடிஞ்சா கொஞ்சம் வர்றீங்களா?” என்று சொன்னேன்.

“லீவ் லெட்டர் எழுதறாரு,” என்றாள் தேன்மொழி.

இரண்டாம் முறை இன்னும் கொஞ்சம் சத்தம் வந்தது, ஆனால் ஐம்பது விநாடி யோசித்த பிறகு வந்தது. மூன்றாம் முறைக்கு முன் ஏழுமலைக்கு ஒரு சந்தேகம். கோதாவரியில் இவர் தமிழில் கத்தினால் யாருக்குப் பிரியும்? அவர் கொஞ்ச காலம் நெல்லூர்ப் பக்கம் போட்டில் வேலை பார்த்தவர். ‘காப்பாடண்டி’ என்று சொல்லணும், காப்பாத்துங்கன்னு அர்த்தம் என்றார். கரையில் நின்று மூன்று பேரும் ஒத்திகை பார்த்தோம். தேன்மொழிக்கு என்னைவிட நன்றாக வந்தது. அவள் சத்தத்துக்கு இரண்டு நாய்கள் எழுந்து போயின.

அந்நிய மொழியில் ஒரு வசதி இருப்பது தண்ணீரில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. கத்துவது நான் இல்லை, வேறு யாரோ. மூழ்கி எழுந்த முதல் மூச்சிலேயே தொண்டை கிழியக் கத்தினேன். மறுபடி கத்தினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், சுகமாக இருந்தது. மூன்றாவது தடவை வேண்டுதல் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன்.

கண்ணைத் திறந்தபோது ஏழுமலை இன்னும் கரையிலிருந்து கிளம்பவே இல்லை. ஆனால் பின்னாலிருந்து யாரோ என் தலைமுடியைப் பிடித்துவிட்டார்கள்.

அக்கரையிலிருந்து வந்தவர். நான் அவரை முன்பின் பார்த்ததில்லை, ஏழுமலைக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் பேப்பரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. வலை இழுத்துக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டதும் வலையைத் தண்ணீரிலேயே போட்டுவிட்டு மோட்டாரை முடுக்கி வந்திருக்கிறார். என்னைப் படகில் ஏற்றி, குப்புறப் போட்டு, முதுகில் நாலு அறை அறைந்து, நான் நன்றாக இருக்கிறேன் என்று நாலாவது அறைக்குப் பிறகுதான் நம்பினார்.

“இன்னா பாஷைல கத்துன நீ? ஒண்ணும் பிரியல.”

தெலுங்கு என்றேன். எதற்கு என்றார். பயிற்சிக்கு என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கரையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நேரம் பார்க்கும் பெண்ணைப் பார்த்தார், தண்ணீரோடு மிதந்து போய்க்கொண்டிருந்த தன் வலையின் மிதவைகளைப் பார்த்தார். பிறகு, பாலாற்றின் இரு கரையிலும் கேட்கும்படி, எனக்கு நன்றாகப் புரிகிற மொழியில் பேசினார். அதை இங்கே எழுதுவதற்கில்லை. என் பரம்பரையைப் பற்றி அவருக்கு நிறையத் தெரிந்திருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டுவிட்டு, படகைத் திருப்பி வலையைத் துரத்தினார். என்னை இறக்கிவிடுகிற எண்ணமே அவருக்கு இல்லை. மிதவையை எட்டிப் பிடித்து, ஈரக் கயிற்றை என் கையில் திணித்தார். ஏற்கெனவே மரத்த தோள்பட்டையோடு இழுத்தேன். வலை வரவில்லை. இன்னும் இழுத்தேன். இரண்டு மடவை மீனும் நிறையப் பாசியும் வந்தன.

கரையில் தேன்மொழி கையை ஆட்டினாள். ஆள் வந்து பிடிக்க முப்பத்தெட்டு விநாடி என்று கத்தினாள். ஏழுமலையின் முதுகில் பேப்பரை வைத்து அனுமதித்தவர் கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, தெரியும்படி தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். பேப்பர் வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. பதிலுக்குக் கையாட்டக் கயிற்றை ஒரு கையிலிருந்து விட்டேன். நான்கு முழம் வலை திரும்பத் தண்ணீருக்குள் போயிற்று.

“கையாட்டாத,” என்றார் அக்கரைக்காரர். “யாரண்ட வேணா அப்புறம் கையாட்டிக்கோ. மொதல்ல இத்த இழு.”